மொட்டைமாடிப் பெருக்கியும் பண்பலைக் குறுக்கீடும்: டியூன் செய்யக்கூடிய வடிகட்டியை எங்கே வைப்பது?

அலைதேடி, ஜெயநகர்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஜெயநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கிறேன். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற பிறகு, சிற்றலைப் பட்டைகளையும் இரண்டு மீட்டர் பட்டையையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியோடு மொட்டைமாடியில் ஒரு நீள்கம்பி ஆன்டெனாவையும் 145 மெகாஹெர்ட்ஸுக்கான செங்குத்து ஆன்டெனா ஒன்றையும் நிறுவியிருக்கிறேன். கம்பி ஆன்டெனாவின் அடியிலேயே, தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஓர் அகலப்பட்டைப் பெருக்கி இருக்கிறது. அங்கிருந்து கோஆக்சியல் கேபிள் கீழே அறைக்குள் இருக்கும் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும்) ரிசீவருக்கு வருகிறது. செங்குத்து ஆன்டெனா நேராகக் கணினியில் செருகும் ஆர்டிஎல் வகைச் சிறு ரிசீவரான டாங்கிள் ஒன்றுக்குச் செல்கிறது.

என் சிக்கல்கள் மூன்று. முதலாவது, 30 மீட்டர் பட்டை. 10.1 முதல் 10.15 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அந்தச் சிறிய பட்டை முழுவதையும் மூடியபடி, ஏறக்குறைய 10.05 தொடங்கி 10.35 வரை ஓர் அகலமான இரைச்சல் மேடு எப்போதும் நிற்கிறது. அதை அகலப் பண்பலை முறையில் கேட்டால், இரண்டு பண்பலை நிலையங்களின் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. இதே போன்ற இன்னொரு மேடு 11.8 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு 25 மீட்டர் ஒலிபரப்புப் பட்டையில் தெரிகிறது. இரண்டாவது, 1836 கிலோஹெர்ட்ஸில் உள்ளூர் மத்திய அலைச் செய்தி தெளிவாகக் கேட்கிறது. மூன்றாவது, 145 மெகாஹெர்ட்ஸில் டாங்கிளின் கெயினை, அதாவது பெருக்கத்தை, ஓர் அளவுக்கு மேல் உயர்த்தினால் இரைச்சல் தளம் மொத்தமாக மேலெழுந்து, தொலைவில் உள்ள ரிப்பீட்டர் (சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் நிலையம்) அதற்குள் மறைந்துவிடுகிறது.

ரிசீவருக்குப் பக்கத்தில், மேசைமேல், கையால் டியூன் செய்யக்கூடிய ஒரு ப்ரீசெலெக்டரை, அதாவது வேண்டிய பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை, அமைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அதற்கு மின்னழுத்தத்தால் டியூன் செய்யும் வெராக்டர் டயோடு நல்லதா, தகடுகளைத் திருகி டியூன் செய்யும் பழைய கேங் கண்டென்சர் நல்லதா? வடிகட்டி எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும்? 145 மெகாஹெர்ட்ஸுக்கும் அதே அமைப்பு உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரேடியோக்காரர், மல்லேஸ்வரம்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கழித்துப் பாருங்கள். நம் ஊரில் 91.1, 101.3, 102.9 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றில் பண்பலை நிலையங்கள் இருக்கின்றன. 101.3இலிருந்து 91.1 போனால் 10.2. 102.9இலிருந்து 91.1 போனால் 11.8. ஒவ்வொரு நிலையமும் உச்சத்தில் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் விலகுவதால், இரண்டின் வேறுபாடு இருபுறமும் 150 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும். 10.05 முதல் 10.35 வரை என்று நீங்கள் கண்ட மேட்டின் அகலம் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. 1836 என்பது 612 கிலோஹெர்ட்ஸின் மூன்று மடங்கு. நம் ஊரின் 612 மத்திய அலை 200 கிலோவாட்டில் இயங்குவது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த நிலையங்கள் எல்லாம் தத்தம் அதிர்வெண்ணில் முறையாகவே ஒலிபரப்புகின்றன. 10.2 மெகாஹெர்ட்ஸில் எவரும் எதையும் அனுப்பவில்லை. அந்தச் சிக்னல் உங்கள் வீட்டில், நேர்கோட்டு இயல்பை இழந்து சிக்னல்களை ஒன்றோடொன்று கலக்கும் ஏதோ ஒரு பாகத்தில் பிறக்கிறது. எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கும் வரை வடிகட்டியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

என் ஐயம் மொட்டைமாடியில் இருக்கும் அகலப்பட்டைப் பெருக்கியின் மீதுதான். மத்திய அலையிலிருந்து பண்பலை வரை ஆன்டெனா பிடிக்கும் அனைத்தும் எந்தத் தடையும் இல்லாமல் முதலில் நுழைவது அதற்குள்தான். கலப்பு அங்கே நிகழ்ந்துவிட்டால், கீழே வரும் கேபிளில் 10.2 மெகாஹெர்ட்ஸ் குப்பையும் உண்மையான 10.12 மெகாஹெர்ட்ஸ் சிக்னலும் அருகருகே, ஒரே தகுதியோடு வந்து சேரும். மேசைமேல் நீங்கள் வைக்கும் ப்ரீசெலெக்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதனால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

ஐயத்தை உறுதிசெய்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டென்யூவேட்டர் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். இரு முனைகளிலும் தரைக்கு 100 ஓம், நடுவில் தொடராக 68 ஓம் என மூன்று கார்பன் மின்தடைகள் போதும். ஏறக்குறைய 10 டெசிபெல் கிடைக்கும். முதலில் அதைப் பெருக்கிக்கும் ரிசீவருக்கும் இடையில் வைத்து மேட்டின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அட்டென்யூவேட்டரை ஆன்டெனாவுக்கும் பெருக்கிக்கும் இடையில் மாற்றிவைத்து மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அதிர்வெண்களின் கூட்டல் அல்லது கழித்தலால் பிறக்கும் இரண்டாம் வரிசைக் கலப்பு, உள்ளே வரும் சிக்னல்கள் ஒவ்வொரு டெசிபெல் குறையும்போதும் இரண்டு டெசிபெல் குறையும். மூன்றாம் வரிசைக் கலப்பு மூன்று டெசிபெல் குறையும். உண்மையான சிக்னல் ஒன்றுக்கு ஒன்றாகத்தான் குறையும். ஆகவே பெருக்கிக்குப் பின்னால் வைத்தபோது மேடு 10 டெசிபெல் மட்டும் குறைந்து, முன்னால் வைத்தபோது 20 குறைந்தால், குற்றவாளி பெருக்கிதான். பின்னால் வைத்தபோதே 20 குறைந்தால், கலப்பு ரிசீவருக்குள் நிகழ்கிறது. அப்போது உங்கள் மேசைத் திட்டம் சரியானது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீள்கம்பியின் மின்மறுப்பு 50 ஓம் அல்ல என்பதால், ஆன்டெனாப் பக்கம் வைக்கும்போது அட்டென்யூவேட்டர் சரியாக 10 டெசிபெல் தராது. சீனாவின் பிபிஎம் நேரச் சமிக்ஞை 10.000 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அது உங்கள் மேட்டுக்கு வெளியே, ஆனால் மிக அருகில் இருப்பதால், அது எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, மேடு அதைப் போல இருமடங்கு குறைகிறதா என்று ஒப்பிடுங்கள். மாலையில் அலை ஏறி இறங்கும் வேளையில் இதைச் செய்ய வேண்டாம். நிலையாக வரும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது ஒரு சாத்தியமும் இருக்கிறது, அதை யாரும் விரும்பமாட்டோம். அட்டென்யூவேட்டரை எங்கே வைத்தாலும் மேடு உண்மையான சிக்னலைப் போலவே ஒன்றுக்கு ஒன்றாகக் குறைந்தால், கலப்பு ஆன்டெனாவுக்கும் வெளியே நிகழ்கிறது என்று பொருள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பி, துருப்பிடித்த குழாய் இணைப்பு, பாதியில் விட்ட தூணின் முறுக்குக் கம்பி ஆகியவை டயோடு போல வேலை செய்து சிக்னல்களைக் கலந்து மீண்டும் வெளிவிடக்கூடும். மழை பெய்ததும் மேட்டின் உயரம் மாறினால் அதுவே அதற்கான அடையாளம். அதற்கு எந்த வடிகட்டியும் மருந்தாகாது. துருவைச் சுரண்டி இணைப்பைப் பற்றவைப்பதோ, இடைவெளி விட்டுப் பிரிப்பதோதான் வழி.

நுண்ணலைப் பொறியாளர், ஜாலஹள்ளி

ஐயா கூறிய சோதனையை நானும் வழிமொழிகிறேன். வடிகட்டி தரும் பலன் எவ்வளவு பெரியது என்பதை எண்களில் காட்டினால் கேள்வி கேட்டவருக்கு உதவும் என்பதால் ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். இரண்டு பண்பலைச் சிக்னல்களும் பெருக்கியின் வாயிலில் தலா −20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அளவில் இருப்பதாகவும், அதன் இரண்டாம் வரிசை வெட்டுப்புள்ளி, அதாவது கலப்பை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் அளவு, உள்ளீட்டு நிலையில் +20 டிபிஎம் என்றும் கொள்வோம். கலப்பின் அளவு, சிக்னலின் இருமடங்கிலிருந்து வெட்டுப்புள்ளியைக் கழித்தால் கிடைக்கும். அதாவது −40இலிருந்து 20 போக, −60 டிபிஎம். சிற்றலையில் வலுவான சிக்னலுக்கான அளவுகோலான எஸ்9 என்பது −73 டிபிஎம் என்பதால், இது எஸ்9க்கும் 13 டெசிபெல் மேலே நிற்கும் பெரிய இடையூறு. அதே பெருக்கிக்கு முன்னால், பண்பலைப் பட்டையை வெறும் 25 டெசிபெல் குறைக்கும் வடிகட்டி ஒன்றை வைத்தால், இரண்டு சிக்னல்களும் −45 ஆகி, கலப்பு −110 டிபிஎம் ஆகிவிடும். 25 டெசிபெல் வடிகட்டிக்கு 50 டெசிபெல் பலன்.

இனி, அந்தப் பெருக்கி அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரைப்படி, நகர்ப்புறத்தில் மனிதச் செயல்பாடுகளால் எழும் இரைச்சல், 10 மெகாஹெர்ட்ஸில் வெப்ப இரைச்சலைவிட ஏறத்தாழ 49 டெசிபெல் அதிகம். இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இது சுமார் −91 டிபிஎம் ஆகிறது. மேலே கணக்கிட்ட −110 அதற்குள் முற்றிலும் மூழ்கிவிடும். இவ்வளவு இரைச்சல் ஆன்டெனாவிலிருந்தே வரும்போது, நீள்கம்பி போன்ற பெரிய ஆன்டெனாவுக்குப் பெருக்கி எதையும் சேர்த்துத் தருவதில்லை. சிக்னலையும் இரைச்சலையும் ஒருசேர உயர்த்துகிறது, கூடவே கலப்பையும் பெற்றெடுக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெருக்கியைக் கழற்றிவிட்டு, ஒன்பதுக்கு ஒன்று விகித டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாகக் கம்பியைக் கேபிளோடு இணைத்து, ப்ரீசெலெக்டரை மேசைமேல் வைப்பேன். பெருக்கி இல்லாதபோது முதல் மின்னணுப் பாகம் ரிசீவரே என்பதால், மேசையே வடிகட்டிக்குச் சரியான இடமாகிவிடுகிறது. கையால் திருகும் வசதியும் கிடைக்கிறது.

சிறிய வளைய ஆன்டெனாவைப் போலப் பெருக்கி இல்லாமல் இயங்காத அமைப்பு என்றால் நிலை வேறு. அப்போது வடிகட்டி மொட்டைமாடிக்கே போக வேண்டும், அதைத் தொலைவிலிருந்து டியூன் செய்ய வேண்டும். வெராக்டர் அங்கேதான் கவர்ச்சியாகத் தெரியும். ஒரே ஒரு கட்டுப்பாட்டு மின்னழுத்தம் போதும், நகரும் பாகம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் வெராக்டரின் அடிப்படையே மின்னழுத்தத்தால் மாறும் கொள்திறன் என்பதால், வலிமையான சிக்னலின் மின்னழுத்தமும் அதே வேலையைச் செய்துவிடும். குறுக்கீட்டைத் தடுக்க வைத்த வடிகட்டியே கலப்புக்குப் புதிய பிறப்பிடமாகிவிடுகிறது. பண்பலையை அது நன்றாகவே தடுக்கும், ஏனெனில் டியூன் செய்த இடத்துக்கு வெகு தொலைவில் உள்ள சிக்னல்கள் சுற்றில் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்குவதில்லை. இடர்ப்பாடு அருகில் உள்ளவற்றால் வருகிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் டியூன் செய்திருக்கும்போது, 7.2க்கு மேல் இரவில் முழங்கும் சிற்றலை ஒலிபரப்புகள் வடிகட்டியின் விளிம்புக்குள் நுழைந்து, ஒத்ததிர்வுச் சுற்றில் பலமடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தோடு டயோடின்மேல் விழும். இரண்டு டயோடுகளை எதிரெதிராக இணைப்பதும், முடிந்தவரை உயர்ந்த சார்பு மின்னழுத்தத்தில் இயக்குவதும் இதைக் குறைக்கும், நீக்கிவிடாது. 1எஸ்வி149 போன்ற மத்திய அலை வெராக்டர்கள் 1 முதல் 8 வோல்ட்டுக்குள்ளேயே இயங்குபவை என்பதால், குறைந்த மின்னழுத்த முனையில் அவை மிகவும் பலவீனமானவை.

ஆகவே தொலைவிலிருந்து டியூன் செய்ய எனக்குப் பிடித்த வழி ரிலேக்கள். 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே 256 பிகோஃபாரட் வரை எட்டு மின்தேக்கிகளையும் எட்டுச் சிறு ரிலேக்களையும் வைத்தால், 0 முதல் 510 வரை 2 பிகோஃபாரட் படிகளில் 256 நிலைகள் கிடைக்கும். ரிலேயின் தொடுமுனைக்கும் மைக்கா அல்லது என்பி0 வகை மின்தேக்கிக்கும் சிக்னலின் வலிமை ஒரு பொருட்டே அல்ல. டயோடு வழிக்கும் ரிலே வழிக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டை, ஒருமுறை அளந்து பார்த்தவர்கள் திரும்ப டயோடுக்குப் போகமாட்டார்கள்.

அலைதேடி, ஜெயநகர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி முற்பகல் வேளையில் சோதித்துப் பார்த்தேன். அட்டென்யூவேட்டரைப் பெருக்கிக்குப் பின்னால் வைத்தபோது 10.2 மெகாஹெர்ட்ஸ் மேடும் நேரச் சமிக்ஞையும் ஒரே அளவு குறைந்தன. முன்னால் வைத்தபோது நேரச் சமிக்ஞை 8 டெசிபெல்லும் மேடு 16 டெசிபெல்லும் குறைந்தன. பெருக்கிதான் பிறப்பிடம் என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைத்ததும் 11.8 மேடு அறவே மறைந்தது. 10.2 மேட்டில் ஒரு சிறு தடம் மட்டும், ரிசீவரின் கெயினை உயர்த்தும்போது தெரிகிறது. 1836இல் செய்தி இன்னும் மெலிதாகக் கேட்கிறது. ஆகவே ப்ரீசெலெக்டர் தேவை என்றே எண்ணுகிறேன். கேங் கண்டென்சரைக் கொண்டு அமைப்பதற்கான அளவுகளைத் தர இயலுமா? 145 மெகாஹெர்ட்ஸ் பற்றியும் கூறினால் நன்று.

பழைய ரேடியோக்காரர், மல்லேஸ்வரம்

மகிழ்ச்சி, தம்பி. எட்டுக்குப் பதினாறு என்ற விகிதம் பாடப்புத்தகத்தில் வருவது போலவே இருக்கிறது.

வால்வு ரேடியோக்களில் இருந்து கழற்றிய கேங் கண்டென்சர்கள் எஸ்.பி. ரோட்டின் உள்சந்துகளில் இன்னும் கிடைக்கின்றன. சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தேடலாம். வாங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று உரசாமல் சுழல்கின்றனவா என்று முழுச்சுற்றும் திருப்பிப் பாருங்கள். அச்சுக்குத் தரைத்தொடர்பு தரும் அந்த மெல்லிய பித்தளைச் சுருள்வில் உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வில் அழுக்கேறியிருந்தால் திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த தூரிகையால் துடைத்தால் சரியாகிவிடும். ஒரு பிரிவுக்கு 365 பிகோஃபாரட் உள்ளதாக இருந்தால் கீழே தரும் கணக்கு நேராகப் பொருந்தும்.

சுருளுக்கு டி50-2 என்ற சிவப்பு நிற இரும்புத்தூள் வளையத்தில் 20 சுற்று எனாமல் கம்பி சுற்றினால் ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி கிடைக்கும். அதோடு 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 251 பிகோஃபாரட், 10.12க்கு 124, 14.2க்கு 63 தேவைப்படும் என்பதால், ஒரே சுருள் 40, 30, 20 மீட்டர் பட்டைகள் மூன்றையும் தாங்கிக்கொள்ளும். ஆன்டெனாவுக்கு 2 சுற்று, ரிசீவருக்கு 2 சுற்று என்று தரைமுனைக்கு அருகில் தனியாகச் சுற்றுங்கள். 20க்கு 2 என்ற விகிதத்தில் 50 ஓம், சுருளின் குறுக்கே 5000 ஓமாகத் தெரியும். இருபுறமும் சேர்ந்து 2500 ஓம். 10.12 மெகாஹெர்ட்ஸில் சுருளின் எதிர்வினை 127 ஓம் என்பதால், சுருளின் சொந்த இழப்பையும் சேர்த்துச் சுமையேற்றிய கியூ (சுற்றின் கூர்மையைக் காட்டும் எண்) 18 அளவில் நிற்கும். பட்டையகலம் சுமார் 560 கிலோஹெர்ட்ஸ், கடப்பு இழப்பு 1 டெசிபெல்லுக்கும் குறைவு. 612 கிலோஹெர்ட்ஸை இந்த ஒற்றைச் சுற்றே கணக்குப்படி 49 டெசிபெல் தள்ளிவிடும். ஆனால் 1836இல் வரும் செய்தியை ஒழிக்க இது பயன்படாது, ஏனெனில் அந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டுமானால் வடிகட்டியை அங்கேயே டியூன் செய்தாக வேண்டும். 1836 இருக்கும் 160 மீட்டர் பட்டைக்கென்று வேறு சுருளும், அதற்கு முன்னால் மத்திய அலையைத் தடுக்கும் உயர்கடத்து வடிகட்டியும் தனியாக வேண்டும்.

எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். தேவைக்கு மேல் குறுக்க வேண்டாம் என்பதே என் விடை. சுமையேற்றிய கியூ, சுருளின் இயல்பான கியூவை நெருங்க நெருங்க இழப்பு ஏறும். இயல்பான கியூ 200 உள்ள சுருளில் சுமையேற்றிய கியூ 20 என்றால் இழப்பு 0.9 டெசிபெல். அதையே 50 ஆக்கினால் 2.5 டெசிபெல். சிற்றலையில் இந்த இழப்பைத் தாங்கலாம், மேலே நண்பர் சொன்ன 49 டெசிபெல் இரைச்சலுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. ஆனாலும் குமிழை ஒவ்வொரு பத்துக் கிலோஹெர்ட்ஸுக்கும் திருகிக்கொண்டே இருக்க நேர்ந்தால் கேட்பதில் உள்ள இன்பம் போய்விடும்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சுற்று 91 மெகாஹெர்ட்ஸைக் காகிதத்தில் 40 டெசிபெல்லுக்கு மேல் தள்ளும், செய்து பார்த்தால் அப்படி நடக்காது. அந்த உயரத்தில் கேங் கண்டென்சரின் உடலும் இணைப்புக் கம்பிகளும் தாமே சுருள்களாகிவிடும், உள்ளீட்டுச் சுற்றிலிருந்து வெளியீட்டுச் சுற்றுக்குச் சிக்னல் நேராகவே தாவிவிடும். ஆகையால் ப்ரீசெலெக்டருக்கு முன்னால் 30 மெகாஹெர்ட்ஸில் வெட்டும் தாழ்கடத்து வடிகட்டி ஒன்றைத் தனிப் பெட்டியில் நிரந்தரமாக வையுங்கள். உங்களிடம் எஞ்சியிருக்கும் 10.2 தடம் அதனாலேயே மறையும். பெட்டி, பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. செம்புப் பலகைத் துண்டுகளை விளிம்பில் பற்றவைத்துச் செய்த பெட்டியே போதும்.

ரிப்பீட்டர் பராமரிப்பாளர், ஒயிட்ஃபீல்டு

ஒரு குறிப்பு மட்டும். இரண்டு மீட்டரில் உங்களைத் தொல்லைப்படுத்துவது பண்பலையா, அல்லது 145க்கு மிக அருகில் உள்ள வேறு ஒலிபரப்பியா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரிப்பீட்டர்களில் அனுப்பும் அதிர்வெண்ணுக்கும் பெறும் அதிர்வெண்ணுக்கும் 600 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அவ்வளவு அருகில் உள்ளதைச் சுருளும் மின்தேக்கியும் பிரிக்கவே முடியாது. ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள கால் அலைநீளக் குழிவுறை வடிகட்டிகள், அதாவது கேவிட்டிகள், அதற்குத் தேவை. அவற்றின் உள்தண்டை ஏற்றி இறக்கி டியூன் செய்கிறோம். வெப்பத்தால் தண்டு நீளாமல் இருக்க அதை இன்வார் உலோகத்தில் செய்வதும் உண்டு. பண்பலைக்கு இவ்வளவு தேவையில்லை.

நுண்ணலைப் பொறியாளர், ஜாலஹள்ளி

145 மெகாஹெர்ட்ஸுக்கு வருகிறேன். பண்பலை நிலையங்களின் இரண்டாம், மூன்றாம் வரிசைக் கலப்புகள் எதுவும் இரண்டு மீட்டர் பட்டையில் நேராக விழுவதில்லை. கூட்டல்கள் 182க்கு மேலே போகின்றன, 102.9இன் இருமடங்கிலிருந்து 91.1ஐக் கழித்தால் 114.7தான் வருகிறது. ஆகவே நீங்கள் காண்பது, டாங்கிளின் முதல் பெருக்கி வலிமையான சிக்னலால் மிதமிஞ்சி நிரம்பிக் கெயினை இழப்பதால் வரும் செவிட்டுத்தன்மை என்றே எண்ணுகிறேன். இதற்கு டியூன் செய்யக்கூடிய கடத்து வடிகட்டியைவிட, டியூன் செய்யக்கூடிய தடுப்பு வடிகட்டி எளிது. அதையும் கேபிள் துண்டு ஒன்றிலிருந்தே செய்துவிடலாம்.

ஆன்டெனாக் கேபிளில் ஒரு டி வடிவ இணைப்பியைச் செருகி, அதன் மூன்றாவது கிளையில் முனை திறந்த ஆர்ஜி-58 கேபிள் துண்டைத் தொங்கவிடுங்கள். திறந்த முனையிலிருந்து கால் அலைநீளத் தொலைவில் கேபிள் குறுக்குச்சுற்று (ஷார்ட்) போல நடந்துகொள்ளும். 101.3 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 74 சென்டிமீட்டர். திண்ம பாலித்தீன் கேபிளில் அலையின் வேகம் 0.66 மடங்கு என்பதால் 49 சென்டிமீட்டர். நுரை நிரப்பிய கேபிள் என்றால் வேக விகிதம் 0.8 அளவில் இருக்கும், ஆகவே நீளமும் 59 ஆகும். 53 சென்டிமீட்டரில் தொடங்கி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இழப்பை அளந்து காட்டும் நானோவிஎன்ஏ கருவியின் திரையில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்தபடி, அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக நறுக்கிக்கொண்டே வாருங்கள். டி இணைப்பியின் உடலும் நீளத்தில் சேர்வதால், இறுதி அளவு 49ஐவிடச் சற்றுக் குறைவாகவே முடியும். 102.9இலும் 25 டெசிபெல் அளவுக்குக் குறைப்புக் கிடைக்கும். 91.1இல் 10 டெசிபெல்லுக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும்.

இதோடு நிறுத்தினால் 145இல் ஒன்றரை டெசிபெல் போல இழப்பீர்கள். 101.3இல் 90 பாகை நீளமுள்ள துண்டு, 145இல் 129 பாகை நீளமாகி, சுமார் 40 ஓம் எதிர்வினை உள்ள சுருளைப் போலக் குறுக்கே நிற்பதே காரணம். அதே டி சந்திப்பில் 27 பிகோஃபாரட் மதிப்பை நடுவாகக் கொண்ட டிரிம்மர் (திருகி மாற்றும் சிறு மின்தேக்கி) ஒன்றைத் தரைக்கு இணைத்தால், அது 145இல் அந்தச் சுருளோடு இணைஒத்ததிர்வு பெற்று, இரண்டும் இல்லாதது போலாகிவிடும். பண்பலையில் ஏற்கெனவே குறுக்குச்சுற்றாக இருக்கும் இடத்தில் டிரிம்மர் எதையும் மாற்றாது. ஆகவே முதலில் கேபிளை நறுக்கிப் பள்ளத்தைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகே டிரிம்மரைத் திருகி 145இல் இழப்பைக் குறைந்தபட்சமாக்குங்கள். வரிசை மாறினால் நறுக்கும் ஒவ்வொரு முறையும் டிரிம்மரை மீண்டும் சரிசெய்ய நேரிடும்.

நகர இரைச்சல் 145இல் 17 டெசிபெல் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பதால், சிற்றலையைப் போல இங்கே இழப்பைத் தாராளமாக ஏற்க முடியாது. பின்னாளில் ஆன்டெனா அருகில் ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) சேர்க்க விரும்பினால், இந்தத் தடுப்புத் துண்டை அதற்கு முன்னால் வையுங்கள். முனை திறந்த துண்டு நேர்மின்னோட்டத்தைத் தரையோடு இணைத்துவிடாது என்பதால், கேபிள் வழியே ப்ரீஆம்புக்கு மின்சாரம் கொடுப்பதற்கும் அது குறுக்கே நிற்காது. முனை மூடிய துண்டை யாராவது பரிந்துரைத்தால் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

ஆர்வம் உள்ளவர்களுக்காக, நுண்ணலைப் பக்கம் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெக்ட்ரம் அனலைசர்களின் ப்ரீசெலெக்டரில், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய இட்ரியம் இரும்பு கார்னெட் உருண்டையைக் காந்தப்புலத்தில் வைத்திருப்பார்கள். ஒரு காஸ் புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற விகிதத்தில் அதன் ஒத்ததிர்வு நகர்வதால், மின்காந்தத்தின் மின்னோட்டத்தை மாற்றியே 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை டியூன் செய்ய முடிகிறது. இன்னொரு வகை, சில்லுக்குள்ளேயே அடங்கும் என்-பாதை வடிகட்டி. வரிசையாகச் சுழலும் சுவிட்சுகளும் மின்தேக்கிகளும் மட்டுமே அதில் உண்டு. சுவிட்சுகளை இயக்கும் கடிகாரத்தின் அதிர்வெண் எதுவோ அதுவே வடிகட்டியின் நடு அதிர்வெண். 1960இல் பெல் ஆய்வகங்களைச் சேர்ந்த பிராங்க்ஸ், சாண்ட்பர்க் ஆகிய இருவரும் எழுதிய கருத்து அது. வேகமான டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகே ரேடியோ அதிர்வெண்ணில் பயனுக்கு வந்தது. நான்கு பாதைகள் உள்ளதில், டியூன் செய்த அதிர்வெண்ணின் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும் மடிந்து நடுவிலேயே விழும். ஆகவே அதற்கும் முன்னால் எளிய தாழ்கடத்து வடிகட்டி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோடைமழை இடியில் ரிசீவரைக் காக்க, உள்ளீட்டில் எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடுகளைப் பலரும் வைக்கிறார்கள். 612 வலுவாக வரும் இடங்களில் அந்த டயோடுகளே லேசாகக் கடத்தத் தொடங்கிக் கலப்பை உண்டாக்கிவிடும். அவற்றை ப்ரீசெலெக்டருக்குப் பின்னால், ரிசீவரின் பக்கம் வையுங்கள். ஆன்டெனாப் பக்கம் வாயு நிரப்பிய மின்னிறக்கக் குழாய் இருக்கட்டும். அதே கம்பியில் ஒலிபரப்பவும் எண்ணியிருந்தால், ஒலிபரப்பும் நேரத்தில் ப்ரீசெலெக்டரை முழுவதுமாக விலக்கும் ரிலேயை இப்போதே பெட்டிக்குள் சேர்த்துவிடுங்கள்.